பயணத்தை ரசின்னு சொல்றது தோத்தவனுக்குக் குடுக்கிற ஆறுதல் பரிசா?

கேள்வி | ஜூன் 4, காலை

வயசு 38. கூடப் படிச்சவங்க எல்லாம் எங்கயோ போயிட்டாங்க, நான் நின்ன இடத்துலயே நிக்கிறேன். யார்கிட்ட புலம்பினாலும் "சாதனையை விடு, பயணத்தை ரசி, உன்னை நீயே நேசி"ன்னு ஒரே பல்லவி. கவனிச்சுப் பாத்தா இதைச் சொல்றவங்க எல்லாருமே போய்ச் சேர்ந்துட்டவங்க. சேராதவன் எவனும் பயணம் சூப்பர்னு சொல்லி நான் கேட்டதில்ல. அப்ப இது தோத்தவனுக்குக் குடுக்கிற ஆறுதல் பரிசு தானே? யாராவது மறுத்துப் பேசுங்க பாப்போம்.

பதில் | ஜூன் 4, ராத்திரி

முழுசா மறுக்க முடியல. போய்ச் சேராதவன்கிட்ட யாரு மைக்கை நீட்டுறாங்க, அதனால சேர்ந்தவன் குரல்தான் நமக்குக் கேக்குது. ஆனா அவங்க ஏன் அப்படிச் சொல்றாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பெருந்தன்மையா இருக்காது. அங்க போய்ப் பாத்தா பெருசா ஒண்ணும் இல்லாததால கூட இருக்கலாம். தூக்கம் வருது, நாளைக்கு எழுதறேன்.

ஜூன் 5

நான் செஸ் ஆடுறவன். டைட்டில் கியிட்டில் எதுவும் கிடையாது, வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஆன்லைன்ல ஆடுற சாதாரண ஆள். எனக்கு 2000 ரேட்டிங் தொடணும்னு ஒரு வெறி இருந்துச்சு, சும்மா ஆசை இல்ல, வெறி, காலைல எந்திரிச்சதும் பல்லு விளக்குறதுக்கு முன்னாடி போனைத் திறந்து அந்த நம்பரைத்தான் பாப்பேன், ராத்திரி ஆடி முடிச்சப்ப இருந்த அதே நம்பர்தான் இருக்கும்னு தெரியும், இருந்தாலும் பாப்பேன். 1960 வரைக்கும் போகும், அப்புறம் வரிசையா தோத்து 1880க்கு இறங்கும், அன்னிக்கு வீட்ல யாரு என்ன கேட்டாலும் எரிஞ்சு விழுவேன். நான் நல்லவனா கெட்டவனா, புத்திசாலியா முட்டாளான்னு முடிவு பண்ற வேலையை மொத்தமா அந்த நாலு இலக்கத்துகிட்ட ஒப்படைச்சிருந்தேன்.

ஒரு நாள் தொட்டாச்சு. 2003. எப்படின்னு கேளுங்க, எதிராளிக்கு நெட் போயிடுச்சு போல, டைம் தீர்ந்து நான் ஜெயிச்சதா காட்டுச்சு. எந்திரிச்சு ரூமுக்குள்ள ரெண்டு நடை நடந்தேன், ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், ஒரு நண்பனுக்கு அனுப்பினேன், அவன் கட்டைவிரல் தூக்கி ஒரு ஸ்மைலி போட்டான். அவ்வளவுதான். தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காந்தப்பவே 2100ன்னு ஒரு நினைப்பு வந்தாச்சு.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் விஷயம். நான் ஆடுறதை நிறுத்திட்டேன். ஆடினா தோக்கலாம், தோத்தா 1990 ஆயிடும், அதனால ஆடாம இருந்தா 2003 பத்திரமா இருக்கும். அந்தக் கணக்குல ரொம்ப நாள் ஓடுச்சு. எனக்குப் புடிச்ச ஒரே விளையாட்டை, அதுல நான் கெட்டிக்காரன்னு காட்டுற நம்பருக்காக ஆடாம இருந்தேன். ஆன்லைன்ல ஆடுற நிறைய பேருக்கு இது உண்டு, ரேட்டிங் பயம்னே சொல்லுவாங்க.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழிச்சு

"ரேட்டிங்னா என்னங்க, சினிமா ஸ்டாரா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. அது ஸ்டார் மாதிரி இல்லங்க. அர்பாத் ஈலோன்னு ஒரு இயற்பியல் பேராசிரியர், ஹங்கேரில பொறந்து அமெரிக்காவுல வாழ்ந்தவரு, அவர் போட்ட கணக்குதான் இதுக்கு அடிப்படை. உலக செஸ் கூட்டமைப்பு 1970ல அதை எடுத்துக்கிச்சு. ரெண்டு பேருக்கு நடுவுல 200 பாயிண்ட் வித்தியாசம் இருந்தா மேல இருக்கிறவருக்கு 100 கேம்ல சுமார் 76 பாயிண்ட் (ஜெயிச்சா ஒண்ணு, டிரா ஆனா அரை) வரும்னு கணிக்கும், அதுக்கு மேல அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஈலோவே அதைப் பத்திச் சொன்னது என்னன்னா, தண்ணியில மேலயும் கீழயும் ஆடுற ஒரு தக்கையோட உயரத்தை, காத்துல ஆடுற கயித்துல கட்டின அளவுகோலை வச்சு அளக்குற மாதிரி. கண்டுபுடிச்சவரே இப்படிச் சொல்லிட்டாரு, நான் அதை வச்சு என் யோக்கியதையை அளந்துக்கிட்டு இருந்தேன்.

இன்னொண்ணு. நான் ஏறுற ஒவ்வொரு பாயிண்டும் கிட்டத்தட்ட இன்னொருத்தர் இறங்குறது. எல்லாரும் ஒரே நேரத்துல ஏறவே முடியாது, கணக்கே அப்படி. கூடப் படிச்சவங்களோட உங்களை ஒப்பிட்டுக்கிற கணக்கும் இதுதான்.

ஜூன் 8

லாட்டரி விழுந்தவங்களும் விபத்துல கால் போனவங்களும் கடைசில ஒரே அளவு சந்தோஷமா இருக்காங்கன்னு ஆராய்ச்சி இருக்குன்னு மேல ஒருத்தர் எழுதியிருக்காரு. எல்லா மேடையிலயும் இதைச் சொல்றாங்க, ஆனா அந்த ஆராய்ச்சி அதைச் சொல்லல. பிரிக்மேனும் கூட இருந்தவங்களும் 1978ல பண்ணது. லாட்டரி விழுந்தவங்க 22 பேரு, விபத்துல முடங்கினவங்க 29 பேரு, சாதாரண ஆளுங்க 22 பேரு. சின்ன ஆராய்ச்சிதான். லாட்டரி விழுந்தவங்க சாதாரண ஆளுங்களை விட பெருசா சந்தோஷமா இல்ல, அது சரி. விபத்துல முடங்கினவங்க மத்தவங்களை விட சந்தோஷம் குறைவாத்தான் இருந்தாங்க. காலை இழந்தவனுக்கும் லாட்டரிக்காரனுக்கும் ஒரே மனசுன்னு சொல்றது அநியாயம், தயவுசெஞ்சு அதைப் பரப்பாதீங்க.

அதுல எனக்கு உருப்படியா பட்டது வேற. லாட்டரி விழுந்தவங்களுக்கு நண்பனோட பேசுறது, டிவி பாக்குறது, சிரிப்பு வர்ற கதை கேக்குறது, இந்த மாதிரி அன்றாட விஷயங்கள்ல கிடைக்கிற சுகம் மத்தவங்களை விட குறைஞ்சிருந்துச்சு. பெரிய சந்தோஷம் வந்து சின்ன சந்தோஷத்தோட விலையைக் குறைச்சிருச்சு. 2003 எனக்குப் பண்ணதும் இதேதான், ஒரு சாதா கேம் ஜெயிச்சா முன்னாடி வர்ற குஷி அதுக்கப்புறம் வரல.

ஜூன் 9

"நீங்க சொல்றது வீட்ல உக்காந்து ஆடுற செஸ்ஸு, நிஜமான சாதனைன்னா அப்படி இருக்காது"ன்னு சொன்னவருக்கு: பஸ் ஆல்ட்ரின் 1969ல நிலாவுல நடந்தாரு. மனுஷன் அதுக்கு மேல எங்க போறது? திரும்பி வந்து மனச்சோர்வுலயும் குடியிலயும் மாட்டிக்கிட்டாரு, 1973லயே அதை வெளிப்படையா எழுதினாரு. நீச்சல்ல 23 ஒலிம்பிக் தங்கம் வாங்கின மைக்கேல் பெல்ப்ஸும் ஒலிம்பிக் முடிஞ்ச பிறகு தனக்கு வந்த மனச்சோர்வைப் பத்தி பேசியிருக்காரு. இதைச் சொல்லி, "பாரு, அவங்களுக்கே அப்படித்தான்"னு சந்தோஷப்பட நான் வரல, அது அல்பத்தனம். நான் ஜூன் 4 ராத்திரி எழுதினதுக்கு ஆதாரமா வச்சுக்கோங்க.

ஜூன் 9, மதியம்

நிலாவுக்குப் போகாதவனுக்கும் மனச்சோர்வு வருதே, அதுக்கு என்ன சொல்றீங்கன்னு ஒருத்தர். சரியான அடி. யோசிக்கிறேன்.

ஜூன் 13

ஒரு கேம் பத்தி சொல்லணும்.

2000 தொட்ட கேம்ல ஒரு மூவ் கூட எனக்கு ஞாபகம் இல்ல. வெள்ளை ஆடினேனா கருப்பு ஆடினேனான்னு கேட்டாக்கூட ஸ்கிரீன்ஷாட்டைத்தான் பாக்கணும். ஆனா ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு போட்டில, நேர்ல, ஒரு பெரியவர்கிட்ட தோத்த கேம் முழுசா ஞாபகம் இருக்கு. வழுக்கைத் தலை, கண்ணாடியை நெத்திக்கு மேல ஏத்தி வச்சுக்கிட்டு போர்டுக்கு மேல குனிஞ்சு யோசிப்பாரு, ஒவ்வொரு மூவுக்கு அப்புறமும் காயை அந்தக் கட்டத்துக்கு நட்டநடுவுல வர்ற மாதிரி ஒரு விரலால சரி பண்ணுவாரு, என் காயையும் சேர்த்து. நான் ஒரு யானையை வெட்டுக்குக் குடுத்தேன். குடுக்கும்போது கை நடுங்குச்சு, கிளாக்கை அமுக்கும்போது வேற எதையோ தட்டி பேனா கீழ விழுந்துச்சு. அவர் யானையை எடுத்தாரு, ராஜா வெளிய வந்துச்சு, நான் துரத்தினேன், நடுபோர்டு வரைக்கும் துரத்தினேன், பக்கத்து டேபிள்காரங்க எந்திரிச்சு வந்து நின்னு பாத்தாங்க. அப்புறம் செக் தீர்ந்து போச்சு. அவர் ராஜா நடுவுல ஜம்முனு நிக்குது, என்கிட்ட காய் இல்ல. தோல்வியை ஒத்துக்கிட்டு கை குடுத்துட்டேன்.

செஸ்காரங்க கேம் முடிஞ்சதும் சேர்ந்து அலசுறதுக்கு போஸ்ட்மார்ட்டம்னு பேரு. அவர் காயை எல்லாம் திரும்ப அடுக்கி, அந்த இடத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தி, "தம்பி, இங்க செக்கே வைக்காம மந்திரியை ஒரு கட்டம் பின்னால இழுத்திருந்தா நான் போர்டை மடிச்சு வச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்"னாரு. இழுத்துக் காட்டினாரு. பாத்ததும் எனக்கு புல்லரிச்சுப் போச்சு. ஓடுற ராஜாவுக்கு பின்னாடி போகாம, அது போகப்போற கதவைச் சாத்துற மூவ். ஹால்ல லைட்டை அணைக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அதையே திருப்பித் திருப்பி வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தோம். தோத்தவன் நான்தான், ஆனா தோத்த நினைப்பே வரல.

என் ரேட்டிங் அன்னிக்கு இறங்குச்சு. எவ்வளவுன்னு தெரியாது.

ஜூன் 14

இதைப் படிச்சுட்டு ஒருத்தர் குறள் அனுப்பியிருக்காரு, "கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது", 772. முயலைக் குத்தின அம்பை விட யானையைக் குறி வச்சுத் தப்பின வேலைக் கையில வச்சிருக்கிறது சுகம்ங்கிறாரு. நன்றிங்க. ஆனா என் கேஸ்ல யானை தப்பல, என் யானையே போச்சு.

ஜூன் 14, ராத்திரி

ஜோக் சொல்லிட்டேன், ஆனா அந்தக் குறள் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எய்யாம இருக்கிறது சுகம்னு அதுல இல்ல. வேலும் வேணும், யானையும் வேணும், குறியும் வைக்கணும். "சாதனையை விடு"ங்கிறவங்களோட எனக்கு ஒத்துவராதது இங்கதான். எனக்கு அந்த 2000 வெறி இல்லாட்டி நான் ராத்திரி உக்காந்து யானை முடிவாட்டம் (ராஜா, யானை, சில சிப்பாய் மட்டும் மிஞ்சுற கடைசிக் கட்டம்) படிச்சிருப்பேனா, பழைய கேமெல்லாம் போட்டுப் பாத்திருப்பேனா? மாட்டேன். ஒரு நம்பரை நோக்கி ஓடினதாலதான் ஆட்டமே கொஞ்சம் புரிய ஆரம்பிச்சுது. இலக்கு இல்லாம எவனும் வீட்டை விட்டே கிளம்ப மாட்டான். அதனால ஜூன் 5ல நான் எழுதினதை ரேட்டிங்கே வேண்டாம்னு யாரும் எடுத்துக்காதீங்க. கிளம்ப வைக்கிறதுக்கு அது போதும். வந்தது வீண்தானான்னு தீர்ப்பு சொல்ற வேலையை அதுகிட்ட குடுக்காதீங்கன்னுதான் சொல்ல வர்றேன்.

ஜூன் 20

கேள்வி கேட்டவரே வந்து எழுதியிருக்காரு, கொஞ்சம் கோவமா. "செஸ் உங்களுக்குப் பொழுதுபோக்கு. என் வாழ்க்கை பொழுதுபோக்கு இல்ல. பயணத்தை ரசிச்சா கடன் அடையுமா?"

அடையாது. இதுல எனக்கு வாதமே இல்ல. வாடகை, கடன், மருந்துச் செலவு, இதுக்காக ஓடுற ஓட்டத்தை ரசிக்கச் சொல்றவனை நானும் சேர்ந்தே திட்டுவேன். சம்பளம் பத்தாதவனுக்குத் தேவை சம்பளம், தத்துவம் இல்ல. அந்தக் குறையை சரிபண்ண என்ன வழின்னு வேற இழைல தாராளமா பேசலாம்.

ஆனா உங்க கேள்வியைத் திரும்பப் படிங்க. அதுல கடன் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கூடப் படிச்சவங்க எங்கயோ போயிட்டாங்கங்கிறதுதான் இருந்துச்சு. ரெண்டும் வேற வேற வலி. முதல் வலிக்குப் பணம் மருந்து, ரெண்டாவது வலி பணம் வந்தாலும் இருக்கும், ஏன்னா இன்னும் மேல போனவன் ஒருத்தன் எப்பவும் இருப்பான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல மெடல் வாங்கினவங்க முகத்தை வீடியோவுல பாத்து மார்க் போடச் சொல்லி ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 1995ல வந்துச்சு. வெள்ளி வாங்கினவங்களை விட வெண்கலம் வாங்கினவங்க முகத்துல சந்தோஷம் அதிகம். வெள்ளிக்காரன் தங்கத்தைப் பாக்குறான், வெண்கலக்காரன் மெடலே இல்லாம போனவனைப் பாக்குறான். உலகத்துலயே ரெண்டாவது ஆளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறான், அதை என்னன்னு சொல்றது.

ஜூன் 22

கேள்வி கேட்டவரோட பதில்ல போகிற போக்குல ஒரு வரி எழுதியிருக்காரு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு, இத்தனை வருஷமா பாத்துக்கிறதுனாலதான் வேற ஊர் வேலைக்குப் போக முடியல, அம்மா கண்ணை எந்தப் பக்கம் திருப்பினா தண்ணி, எந்தப் பக்கம் திருப்பினா ஃபேன்னு தெரியும், "அதெல்லாம் சாதனை லிஸ்ட்ல வராது, விடுங்க."

நான் இதைப் பெருசு பண்ணப் போறதில்ல, பண்ணினா கூச்சப்படுவீங்க, தியாகச் செம்மல்னு பட்டம் குடுத்தா அதுவும் ஒரு மெடல் ஆயிடும். ஒண்ணு மட்டும் கேக்குறேன். வாய் பேசாத ஒருத்தர் கண்ணைப் பாத்து என்ன வேணும்னு புரிஞ்சுக்கிறதை நீங்க முதல் நாளே கத்துக்கிட்டீங்களா? இல்லைதானே. தப்பா புரிஞ்சு, ஃபேனுக்குப் பதிலா தண்ணி குடுத்து, அம்மா எரிச்சல் பட்டு, அப்படிப் பட்டுப் பட்டுதானே வந்திருக்கும். நான் யானை முடிவாட்டம் கத்துக்கிட்டதை விட அது கஷ்டம். அதை எழுதுறதுக்கு உங்க லிஸ்ட்ல ஒரு கட்டம் கூட இல்லைங்கிறது அம்மாவோட குத்தமும் இல்ல, உங்க குத்தமும் இல்ல, லிஸ்ட் போட்டவனோட குத்தம்.

ஜூன் 27

"அப்ப தன்னைத் தானே பாராட்டிக்கணும்னு சொல்றீங்க, அதை எப்படிப் பண்றது, கண்ணாடி முன்னாடி நின்னு பேசணுமா?" நிறைய பேர் கேட்டாச்சு.

நான் பண்ணிப் பாத்திருக்கேன். "நீ அருமையான ஆளு"ன்னு சொன்னேன். கண்ணாடில இருந்தவன் நம்பல. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஜோஆன் வுட்னு ஒரு உளவியல் பேராசிரியர் குழு 2009ல இதைச் சோதிச்சே பாத்திருக்காங்க. தன்மேல ஏற்கனவே நல்ல மதிப்பு இருக்கிறவங்களுக்கு அந்த மந்திரம் லேசா உதவுது. மதிப்பு குறைவா இருக்கிறவங்களுக்கு, அதாவது அது தேவைப்படுறவங்களுக்கு, சொன்ன பிறகு மனசு இன்னும் கீழ இறங்குது. மனசு உடனே எதிர்வாதம் பண்ண ஆரம்பிச்சுடும் போல. அதனால கண்ணாடியை முகம் கழுவுறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

எனக்கு வேலை செஞ்சது இன்னும் சின்ன விஷயம். அந்தப் பெரியவர் எனக்குப் பண்ணதை நானே எனக்குப் பண்றது. தோத்ததும் "ச்சீ, முட்டாள்"னு போர்டைக் கவிழ்க்காம, அவர் மாதிரி காயைத் திரும்ப அடுக்கி, எங்க நல்லா போச்சு, எங்க கதவு திறந்திருந்துச்சுன்னு பாக்குறது. அவர் என்னை ஒரு வார்த்தை புகழலயே, "நல்லா ஆடினப்பா"ன்னு கூட சொல்லல. என் ஆட்டத்தை மதிச்சு உக்காந்தாரு, அவ்வளவுதான்.

இப்படி இருந்தா சோம்பேறி ஆயிடுவோமேன்னு ஒரு பயம் வரும். பிரைன்ஸ், சென்னு ரெண்டு பேர் 2012ல போட்ட ஆய்வுல, கஷ்டமான சொல் தேர்வுல சொதப்பின மாணவர்கள்ல ஒரு குழுவுக்கு "உன்னை ரொம்ப திட்டிக்காத, இது எல்லாருக்கும் வர்றதுதான்"ங்கிற மாதிரி சொல்லியிருக்காங்க. அடுத்த தேர்வுக்கு மத்தவங்களை விட அதிக நேரம் படிச்சது அந்தக் குழுதான். எனக்கு இது ஆச்சரியமா இல்ல. திட்டு வாங்கின அன்னிக்கு யாருக்குப் புஸ்தகத்தைத் திறக்கத் தோணும்?

ஜூன் 28

"தன் முதுகைத் தானே தட்டிக்கிறதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா"ன்னு ஒருத்தர். முதுகு எட்டலைங்க, அதான்.

ஜூலை 11

திசை மாறிப் போகுது, இருந்தாலும் குழந்தைகள் பத்திப் பேச்சு வந்ததால. பரிசு குடுத்துப் படிக்க வைக்கலாமான்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேரு பண்ண சோதனை இருக்கு. ஏற்கனவே படம் வரையப் புடிச்ச நர்சரி குழந்தைங்க. ஒரு குழுகிட்ட, வரைஞ்சா ரிப்பன் போட்ட சான்றிதழ் தருவேன்னு முன்னாடியே சொல்லி வரைய வச்சாங்க. ஒரு குழுவுக்குச் சொல்லாம திடீர்னு குடுத்தாங்க. இன்னொரு குழுவுக்கு ஒண்ணுமே இல்ல. அப்புறம் சும்மா விளையாட விட்டு ஒளிஞ்சிருந்து பாத்தாங்க. பரிசுக்குன்னு வரைஞ்ச குழந்தைங்க மத்தவங்க வரையுற நேரத்துல ஏறக்குறைய பாதிதான் வரைஞ்சாங்க. திடீர்னு பரிசு வாங்கினவங்களுக்கு ஒரு குறையும் இல்ல.

அதனால அம்மா, பரிசே தப்புன்னு இல்ல. பரிசுக்காகங்கிற அந்த முன்பேச்சுதான் தொந்தரவு. ஏற்கனவே புடிச்சுச் செய்யுற விஷயத்துல மட்டும் அதைக் கொண்டு வராதீங்க. கணக்கு வாய்ப்பாடு மாதிரி யாருக்குமே புடிக்காத விஷயத்துக்கு ஒரு சாக்லேட் குடுத்தா வானம் இடிஞ்சு விழாது, அதுல கெடுக்கிறதுக்கு ஆசைன்னு ஒண்ணு முதல்ல இருக்கணுமே.

ஜூலை 12

ஜூன் 9 மதியம் பதில் சொல்லாம விட்டது: நிலாவுக்குப் போகாதவனுக்கும் ஏன் வருது. எனக்குத் தோணுறது இது, ஆராய்ச்சி இல்ல. ஆல்ட்ரின் போயிட்டு வந்து அடுத்து என்னன்னு தெரியாம நின்னாரு. நாம போனா எல்லாம் சரியாயிடும்னு நம்பி, போக முடியலயேன்னு நிக்கிறோம். ரெண்டு பேருமே நிலாவைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். மருத்துவ ரீதியா வர்ற மனச்சோர்வு இதுல சேராது, அதுக்கு டாக்டரைப் பாக்கணும், இங்க வந்து என் செஸ் கதையைப் படிச்சு ஆறாது.

ஆகஸ்ட் 2

இன்னும் ஆடுறீங்களான்னு கேட்டவங்களுக்கு: ஆடுறேன். நான் ஆடுற லிசெஸ்ங்கிற ஆன்லைன் செஸ் தளத்துல ரேட்டிங்கை மறைக்கிற செட்டிங் ஒண்ணு இருக்கு, போட்டா உங்களுதும் தெரியாது எதிராளியோடதும் தெரியாது. பின்னாடி கணக்கு ஓடிக்கிட்டுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது அவ்வளவுதான். நடுவுல ஒருநாள் தாங்க முடியாம திறந்து பாத்தேன், 1920 சொச்சம். கொஞ்ச நேரம் கடுப்பா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் மூடிட்டேன்.

அந்தப் பெரியவர் கேமோட மூவ்ஸ் வேணும்னு சில பேர் கேட்டிருக்கீங்க, ஞாபகத்துல இருந்து எழுதி அனுப்புறேன், 20வது மூவுக்கு அப்புறம் வரிசை ஒரு இடத்துல முன்னபின்ன இருக்கலாம். இன்ஜின்ல, அதாவது செஸ் ஆடுற கம்ப்யூட்டர் புரோகிராம்ல, போட்டுட்டு வந்து "யானை குடுத்தது செல்லாதுங்க"ன்னு யாரும் சொல்லாதீங்க, நானும் போட்டுப் பாத்தாச்சு, கருப்பு சரியா ஆடினா செல்லாதுதான். ஆனா அவர் அந்த இடத்துல சரியா ஆடல, அதுக்கப்புறம் மந்திரியைப் பின்னால இழுக்கிற மூவை இன்ஜினும் முதல் மூவா காட்டுது. பெரியவர் அதைக் கண்டுபுடிச்சப்ப கிளாக்ல அவருக்கு ரெண்டு நிமிஷம் கூட இல்ல, எனக்கு அதுக்கு மேல இருந்துச்சு.